மிச்சம் விழாத எண்

“அய்யா, எத்தனை பேர் வந்தாலும் மிச்சமே விழாமப் பங்கு போற எண்ணு எது?”

ஜோதிமேரி இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. கடற்கரையில் அவளுடைய அப்பா செபஸ்தியானும் கூட்டாளிகளும் மீன் பங்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரே வத்தையில் தொழிலுக்குப் போகிற நான்கு பேர். வத்தை என்பது அந்தப் பக்கத்தில் பாய் கட்டி ஓட்டுகிற படகு. நான்கு கூறும் சமமாக வைத்தாகிவிட்டது. ஒரு பாறைமீன் மட்டும் மிஞ்சிவிட்டது. பெரிய மீன்கூட இல்லை. ஆனாலும் அதை முன்னிட்டு அருளானந்தத்துக்கும் இன்னொருவருக்கும் பேச்சு முற்றி, இரண்டு பேரும் ஆளுக்கொரு திசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். மிஞ்சிய மீனைக் காக்கை தூக்கிக்கொண்டு போயிற்று.

அதைப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளை கேட்டாள்.

செபஸ்தியான் சிரித்துவிட்டான். “அந்த எண்ணை ஆண்டவர் தன் மடியில முடிஞ்சு வச்சிருக்காரு தாயி. அடுத்த தடவை பாக்கும்போது கேட்டு வாங்கிட்டு வாரேன்.”

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் சித்திரை முடிவதற்குள், ஆண்டவரைப் பார்க்கிற தூரத்துக்கே அவன் போய்விட்டுத் திரும்பினான்.

காலையில் கண்ணாடி மாதிரி கிடந்த கடல் அன்று மதியத்துக்குமேல் கறுத்தது. இடியும் மழையும் சேர்ந்து அடித்த காற்றில் வத்தையின் பாய் கிழிந்தது. தண்ணீரை இறைக்க இறைக்க ஏறிக்கொண்டே இருந்தது. நான்கு பேரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வேண்டினார்கள். ஒருவன் மொட்டை போடுவதாக நேர்ந்துகொண்டான். அருளானந்தம் தன் உயரத்துக்கு மெழுகுவர்த்தி என்றான். செபஸ்தியானும் வாயைத் திறந்தான். என்ன சொல்லப் போகிறோம் என்று அவனுக்கே தெரியாது. பிள்ளையின் கேள்விதான் வாயில் வந்து நின்றது.

“அந்தோணியாரே! எங்களைக் கரை சேத்துரும்! உம்ம திருநாளுக்கு எத்தனை ஊர்க்கொடி வந்தாலும் ஒண்ணு மிஞ்சாம, ஒண்ணு குறையாமப் பங்கு போற கணக்குல பணியாரம் படைக்கிறேன்!”

கொஞ்ச நேரத்தில் காற்று விட்டது. நான்கு பேரும் உயிரோடு கரையேறினார்கள். ஏறினதும் அருளானந்தம் கேட்ட முதல் கேள்வி, “ஏலே மாப்ள, அது எத்தனை பணியாரம்?”

செபஸ்தியானுக்குத் தெரியவில்லை.

அந்த ஊர், காரங்காட்டுக்கு வடக்கே அலையாத்திக் காட்டை ஒட்டின ஒரு சின்னக் கரையூர். அங்கே அந்தோணியார் திருநாளுக்குச் சுற்றுவட்டாரத்து மக்கள் ஊர் ஊராகக் கொடி பிடித்து வருவார்கள். என்ன படைத்தாலும் கொடிக்கு ஒரு பங்கு. முந்நூறு வீட்டு ஊர் என்றாலும் முப்பது வீட்டு ஊர் என்றாலும் பங்கு ஒரே அளவுதான். சின்ன ஊரின் மனம் நோகக் கூடாது என்று யாரோ ஒரு நல்லவர் அந்தக் காலத்தில் வைத்த வழக்கம். அந்தோணியார் முன்னால் எதையும் பிட்டுக் கொடுப்பதும் கிடையாது. முழுசாகத்தான் கொடுக்க வேண்டும். எப்போதும் ஏதாவது மிஞ்சும். மிஞ்சினதைப் படைத்தவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். செபஸ்தியான்தான் மிஞ்சக் கூடாது என்று சொல்லித் தொலைத்துவிட்டானே!

அந்தக் கரையில் இன்னொரு கட்டும் உண்டு. கடலில் வாய்விட்டுச் சொன்ன நேர்ச்சை சொன்ன ஆளோடு நிற்பதில்லை. வத்தையின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்ளும். அது தீராமல் போனால் அந்த வத்தையில் எவனும் கால் வைக்க மாட்டான். அந்த வத்தையோ நான்கு வீட்டுச் சோறு.

“ஏங்க, எல்லாரும் மாதிரி ஒரு மெழுகுவத்தின்னு சொல்லியிருக்கக் கூடாதா?” என்றாள் அவன் மனைவி லூர்து மேரி.

“சாகப் போறவன் யோசிச்சா புள்ள சொல்லுவான்?”

தீராத கடன் மனதில் கிடந்தால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கும் ஒன்று இருந்தது.

ஜோதிமேரி வயிற்றில் இருந்த வருஷம் அது. ராமநாதபுரம் சீமை முழுக்க மழை பொய்த்துக் கிடந்தது. நிறைமாதக்காரி, கருவாட்டைச் சுமந்துகொண்டு தானியம் மாற்றுவதற்காக உள்நாட்டுக்கு நடந்தாள். எந்த ஊரிலும் மாற்றிக்கொள்ளத் தானியம் இல்லை. ஒரு காய்ந்த வயலோரம் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். கண் இருட்டிக்கொண்டு வந்தபோது ஒரு கை மட்டும் தெரிந்தது. முழங்கைக்குக் கீழே தேள் பச்சை குத்தின கை. பூவரச இலையில் ஒரே ஒரு கேப்பை அடை. “தின்னு தாயி. ஒனக்குப் பாதி, வயித்துப் புள்ளைக்குப் பாதி” என்றது ஒரு குரல். அது அந்தக் கூலிக்காரப் பெண்ணின் மத்தியானச் சாப்பாடு. தின்று முடித்த பிறகுதான் லூர்து மேரிக்கு அது புரிந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தபோது அந்தப் பெண் வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டு வேலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு நல்ல கருவாடாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு அந்த வயலைத் தேடிப் போனாள். வயல் கிடந்தது, ஆட்கள் இல்லை. பிழைக்கத் தஞ்சாவூர்ப் பக்கம் போய்விட்டார்கள் என்றார்கள். பெயர் தெரியாது, ஊர் தெரியாது. ஜெபம் சொல்லும்போது மட்டும் “அந்தத் தேள் பச்சைக்காரி நல்லா இருக்கணும்” என்று சேர்த்துக்கொள்வாள்.

அதனால் கணவனின் நேர்ச்சையை அவள் தன்னுடையதாகவே எடுத்துக்கொண்டாள். முதலில் கோயில் உபதேசியாரிடம் போய், வழக்கமாக எத்தனை கொடி வரும் என்று கேட்டாள்.

“கொறஞ்சது ஆறு வந்திருக்கு. கூடிப்போனா பத்து. பத்துக்கு மேல நான் பாத்ததில்ல” என்றார் அவர். “இந்த வருஷம் ரெண்டு ஊர் கோவிச்சுக்கிட்டு இருக்கு. வருவாங்களோ மாட்டாங்களோ, அந்தோணியாருக்குத்தான் வெளிச்சம்.”

அருளானந்தம் பக்கத்தில் நின்றான். “நான் ஒரு வழி சொல்றேன் மதினி. ஒரு பணியாரங்கூடச் சுடாதீங்க. எத்தனை கொடி வந்தா என்ன? ஆளுக்கு ஒண்ணுமில்ல, மிச்சமும் ஒண்ணுமில்ல. கணக்குச் சரியா வருதுல்ல?”

“வரும். அடுத்த தடவை கடல்ல நீ கூப்பிடும்போது அந்தோணியாரும் அதே கணக்குல வருவாரு” என்றாள் லூர்து மேரி. உபதேசியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனார்.

அவள் நேரே மஜீதா வீட்டுக்குப் போனாள். மஜீதா அவளோடு ஐந்தாம் வகுப்புவரை ஒரே பலகையில் உட்கார்ந்து படித்தவள். இப்போது பனையோலையில் பாயும் கொட்டானும் முடைந்துகொண்டிருந்தாள். சின்ன ஓலைப்பெட்டியைத்தான் அங்கே கொட்டான் என்பார்கள். இரண்டு பேருக்கும் பள்ளிக்கூடத்தில் கணக்கென்றால் உயிர்.

“ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் எதால வகுத்தாலும் மிச்சம் விழக் கூடாது. அவ்வளவுதானே?” என்றாள் மஜீதா. “எல்லாத்தையும் பெருக்கிரு. எந்த எண்ணும் கோவிச்சுக்காது.”

முற்றத்து மணலில் லூர்து மேரி விரலால் பெருக்கத் தொடங்கினாள். இரண்டு, ஆறு, இருபத்துநான்கு, நூற்றிருபது... மணல் போதாமல் வாசலுக்கு வந்தார்கள். முடிவில் வந்த எண்ணை இரண்டு பேரும் எழுந்து நின்று பார்த்தார்கள்.

முப்பத்தாறு லட்சத்து இருபத்தெட்டாயிரத்து எண்ணூறு.

“அல்லாவே!” என்றாள் மஜீதா. “இலங்கை பூராவுக்கும் பந்தி வைக்கப் போறியாடி?”

லூர்து மேரிக்கு அழுகை வரும்போல இருந்தது. சிரிப்பும் வந்தது. மணலில் உட்கார்ந்துவிட்டாள். வத்தை கரையில் கிடந்து வெயிலில் விரிசல் விடுவது கண்ணில் தெரிந்தது.

மஜீதா ஓலையைக் கையில் எடுத்தாள். கை வேலை செய்தால்தான் அவளுக்கு மூளை ஓடும். கொஞ்ச நேரம் முடைந்தாள். திடீரென்று நிறுத்தினாள்.

“மேரி, வீட்டுக்கு விருந்தாளி வந்தா நீ என்ன செய்வ? அவன் கேக்குறது அடுக்களையில இருக்கான்னு பாப்ப. இல்லாததை மட்டுந்தானே கடையில வாங்குவ?”

“ஆமா.”

“ஆறுன்னு ஒருத்தன் வாரான். அவனுக்கு என்ன வேணும்? ஒரு ரெண்டு, ஒரு மூணு. அது ரெண்டும்தான் முன்னாடியே வீட்டுல கெடக்கே! பெறகு எதுக்கு அவனுக்குன்னு தனியா ஒரு ஆறைப் பெருக்குன?”

லூர்து மேரி துள்ளி எழுந்தாள். எழுதியிருந்ததை எல்லாம் முந்தானையால் அழித்தாள்.

“இரு, இரு. முதல்லேர்ந்து வா. ரெண்டு வாரான். ரெண்டு வச்சாச்சு. மூணு வாரான். அவன் புதுசு. ஈர்மூணு ஆறு.”

“நாலு வாரான்” என்றாள் மஜீதா. “அவனுக்கு ரெண்டு ரெண்டு வேணும். ஒண்ணுதான் இருக்கு.”

“இன்னொரு ரெண்டு போதும். பன்னெண்டு. அஞ்சு புதுசு. அறுபது. ஆறுக்கு ஒண்ணும் வேண்டாம், அவன் பாட்டுக்கு உக்காரட்டும். ஏழு புதுசு. நானூத்தி இருபது.”

“எட்டுக்கு மூணு ரெண்டு வேணும். ரெண்டுதான் இருக்கு.”

“இன்னும் ஒரு ரெண்டு. எண்ணூத்தி நாப்பது. ஒம்பதுக்கு ரெண்டு மூணு வேணும், ஒண்ணு இருக்கு, இன்னொரு மூணு. ரெண்டாயிரத்து ஐநூத்தி இருபது. பத்துக்கு...” அவளுக்கு மூச்சு வாங்கியது. “பத்துக்கு ரெண்டும் இருக்கு, அஞ்சும் இருக்கு. ஒண்ணும் வேண்டாம்!”

இரண்டாயிரத்து ஐந்நூற்றிருபது. இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு வகுத்துப் பார்த்தார்கள். பத்துக்கு இருநூற்றைம்பத்திரண்டு. ஒன்பதுக்கு இருநூற்றெண்பது. எட்டுக்கு முந்நூற்றுப் பதினைந்து. ஏழுக்கு முந்நூற்றறுபது. எதை வைத்தாலும் மணலில் ஒரு துளி மிஞ்சவில்லை. முப்பத்தாறு லட்சமாக நின்று பயமுறுத்தின மலை, ஒரு ஊர் கூடிச் சுட்டால் சுடக்கூடிய பணியாரமாக இறங்கி வந்துவிட்டது. மஜீதா சிறுபிள்ளை மாதிரி கைதட்டினாள்.

“இதுல ஒண்ணு கொறஞ்சா என்ன ஆகுதுன்னு பாப்பமா?” என்றாள்.

பார்த்தார்கள். இரண்டாயிரத்து ஐந்நூற்றுப் பத்தொன்பதைப் பத்தால் வகுத்தால் ஒன்பது மிஞ்சியது. ஒன்பதால் வகுத்தால் எட்டு. எட்டால் வகுத்தால் ஏழு. ஏழால் வகுத்தால் ஆறு. இரண்டு வரைக்கும் அப்படியே படிப்படியாக இறங்கியது.

“பாத்தியா, எத்தனை கொடி வந்தாலும் கடைசிக் கொடிக்கு ஒண்ணே ஒண்ணு பத்தாமப் போகுது” என்றாள் லூர்து மேரி. “ஒண்ணுகூடக் கொறையக் கூடாதுடி.”

“பதினொண்ணு கொடி வந்தா?”

“பதினொண்ணு புதுசு. மறுபடி பெருக்கணும். இருபத்தேழாயிரத்து எழுநூத்தி இருபது.” லூர்து மேரி மணலைத் தட்டிவிட்டாள். “பத்துக்கு மேல வந்ததில்லன்னு உபதேசியார் சொல்லிட்டாரு. அதுக்கு மேல அந்தோணியார் பாடு.”

ஊர் முழுக்கச் செய்தி பரவியது. வீட்டுக்கு வீடு அரிசி அளந்தார்கள். ஒருவர் கருப்பட்டி கொடுத்தார். மொட்டை போட்டவன் தேங்காய் சுமந்தான். பாறைமீனுக்காகச் சண்டை போட்டுப் பேசாமல் இருந்த அருளானந்தமும் கூட்டாளியும் ஒரே உரலின் இரண்டு பக்கத்தில் உட்கார்ந்து மாவாட்ட வேண்டி வந்தது. ஆட்டி முடிப்பதற்குள் பேசிக்கொண்டார்கள். மஜீதா வீட்டுப் பெண்கள் புதுக் கொட்டான்களை அடுக்கிக் கொண்டுவந்து இறக்கினார்கள்.

திருநாளன்று விடிந்ததும் கரையோரம் அடுப்புகள் வரிசையாகப் புகைந்தன. எல்லாம் ஏழு குழிப் பணியாரச் சட்டி. முந்நூற்றறுபது சட்டி இறக்கினால் கணக்குச் சரி. ஒவ்வொரு சட்டி இறங்கும்போதும் லூர்து மேரி எண்ணிக்கைக்காக ஒரு மட்டிச் சிப்பி ஓட்டை எடுத்து ஒரு பானைக்குள் போட்டாள். கருப்பட்டியும் ஏலமும் மணக்க மணக்கப் பிள்ளைகள் சுற்றிச் சுற்றி வந்தார்கள். “நேந்தது, தொடக் கூடாது!” என்று ஜோதிமேரி கம்பு வைத்துக் காவல் நின்றாள். அவளுக்கே எச்சில் ஊறிக்கொண்டிருந்தது.

கடைசிச் சட்டி. லூர்து மேரி கரண்டியால் ஊற்றிக்கொண்டே வந்தாள். ஆறு குழி நிரம்பியது. ஏழாவதற்குக் கரண்டி பானை அடியில் உரசியது. மாவு இல்லை.

அடுப்படியில் இருந்த எல்லாரும் சட்டியை எட்டிப் பார்த்தார்கள்.

“ஒரு குழிதானே மதினி” என்றான் அருளானந்தம், மெதுவாக.

“ஒரு குழிதான்” என்றாள் அவள். “அந்த ஒண்ணு இல்லன்னா எல்லாக் கொடிக்கும் தப்பு.”

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். தன் வீட்டுப் பானையின் அடியில் கிடந்த ஒரு பிடி மாவையும், பிள்ளைக்கென்று வைத்திருந்த கருப்பட்டித் துண்டையும் எடுத்துக்கொண்டு திரும்பி ஓடி வந்தாள். சிரட்டையில் கரைத்து அந்த ஒரு குழியில் ஊற்றினாள். தனியாக வெந்ததால் அது கொஞ்சம் கறுத்துப் போயிற்று. இருந்தாலும் பணியாரம் பணியாரம்தானே. முந்நூற்றறுபதாவது ஓடு பானைக்குள் விழுந்தது. செபஸ்தியான் வானத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டான்.

கோயில் பந்தலுக்குள் புதுப்பாய் விரித்து, அந்தோணியார் சுரூபத்துக்கு முன்னால் பணியாரங்களைக் குவிக்கத் தொடங்கினார்கள். வெளியே கொடிகள் வந்து வந்து நின்றன. கோபித்துக்கொண்டிருந்த இரண்டு ஊரும்கூட வந்துவிட்டன. “பத்து! பத்தும் வந்துருச்சு!” என்று அருளானந்தம் குதித்தான். “ஆளுக்கு இருநூத்தி அம்பத்திரண்டு மாப்ள!”

லூர்து மேரி கடைசிச் சட்டியின் ஏழு பணியாரம் இருந்த கொட்டானை எடுத்துக்கொண்டு அடுப்படியிலிருந்து கிளம்பினாள். பந்தலுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. அப்போது கேட்டது, மேற்கே வண்டிப் பாதையில் ஒரு தப்பு மேளச் சத்தம்.

ஆணும் பெண்ணுமாக ஒரு கூட்டம் புழுதியோடு வந்துகொண்டிருந்தது. கரைக்காரர்கள் இல்லை, உழவு வேலைக்காரர்கள். முன்னால் வந்தவர் ஒரு பனங்கருக்கு மட்டையில் வெள்ளை வேட்டியைக் கட்டிப் பிடித்திருந்தார்.

“வேலங்குளத்துக்காரங்க சாமி. என் பேரு மலையாண்டி” என்றார் அவர், கும்பிட்டுக்கொண்டே. “பல வருசமா எங்க கம்மாயி வறண்டு கெடந்துச்சு. சித்திரையில கடல் பக்கமிருந்து ஒரு காத்து வந்து அடிச்சுச்சே, அந்த மழையில தண்ணி நின்னுருச்சு. பொழைக்கப் போன சனமெல்லாம் திரும்பி வந்துருச்சு. கடலோரத்துச் சாமிக்கு ஒரு கும்பிடு போடணும்னு வந்தோம். எங்களுக்குக் கொடி இல்ல. என் வேட்டியைத்தான் கட்டிக் கொண்டாந்தோம்.”

“கொடின்னு கொண்டு வந்தா கொடிதான் அய்யா. அந்தப் பக்கம் நட்டு வைங்க” என்றார் உபதேசியார்.

பதினோராவது கொடி.

செபஸ்தியான் அந்த வேட்டிக் கொடியையே பார்த்தான். எந்தக் காற்று அவனைக் கொல்லப் பார்த்ததோ, அதே காற்றுதான் இவர்களைப் பிழைக்க வைத்திருக்கிறது. அருளானந்தம் அவன் காதருகில் குனிந்தான்.

“மாப்ள, இவங்களைக் காரங்காட்டுக் கொடிக்குக் கீழ உக்கார வச்சிருவோம். பத்தோட பத்தாப் போயிரும்.”

“வேண்டாம்லே.”

“வத்தை போயிரும்டா!”

“எத்தனை கொடி வந்தாலும்னுதானே சொன்னேன்? வந்த கொடியை மடக்கி வைக்கிறேன்னா நேந்தேன்? ஆசையா வேட்டியை அவுத்துக் கட்டிக்கிட்டு வந்திருக்காரு அந்த மனுசன். வத்தை போனாப் போகட்டும்.”

லூர்து மேரி பந்தல்காலோரம் நின்று அதைக் கேட்டாள். அவள் கணவன் பெரிய ஞானி இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அவனைப் பார்க்க அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. நிறைந்த நெஞ்சோடு மனதுக்குள் கணக்கு ஓடத் தொடங்கியது. இரண்டாயிரத்து ஐந்நூற்றிருபது. பதினொன்றுக்கு இருநூறு வீதம் இரண்டாயிரத்து இருநூறு போயிற்று. மீதி முந்நூற்றிருபது. பதினொன்று இருபத்தொன்பது முந்நூற்றுப் பத்தொன்பது. மிச்சம்...

ஒன்று.

ஒன்றே ஒன்று!

அவள் கையிலிருந்த கொட்டானைப் பார்த்தாள். ஆறு பணியாரம் பொன்னிறமாக இருந்தன. ஏழாவது கறுத்திருந்தது. எல்லாக் கொடிக்கும் ஒன்று குறைகிறதே என்று அவளும் மஜீதாவும் பயந்தார்களே, அந்த இரண்டாயிரத்து ஐந்நூற்றுப் பத்தொன்பது, பதினொன்றுக்கு மட்டும் கச்சிதமாகப் போகிறது! ஊர் கொடுத்த மாவு ஏன் ஒரு குழிக்கு முன்னாலேயே தீர்ந்தது என்று அவளுக்குப் புரிந்தது. காலையில் இது என்ன சோதனை என்று அழாத குறையாக ஓடினாளே, அது சோதனையே இல்லை.

இது இன்னும் பாயில் வைத்துப் படைக்காத பணியாரம். மாவும் அவள் வீட்டு மாவு. பூவரச இலை ஒன்றைக் கிள்ளி, கறுத்த பணியாரத்தை அதில் பொதிந்து மடியில் செருகிக்கொண்டாள். மற்ற ஆறையும் கொண்டுபோய்ப் பாயில் சேர்த்தாள். யாரிடமும் சொல்ல நேரமில்லை, கூட்டம் நெருக்கியது. உபதேசியார் ஜெபத்தைத் தொடங்கிவிட்டார்.

பங்கு தொடங்கியது. வழக்கப்படி கொடிக்குப் பத்துப் பத்தாக ஒரு சுற்று. அது முடிந்ததும் அடுத்த சுற்று. சுற்றுக்குச் சுற்று பாயில் குவியல் இறங்கியது. பத்துப் பத்தாக வைக்க முடியாத நிலை வந்ததும் உபதேசியார், “இனி ஒவ்வொண்ணா” என்றார். ஜோதிமேரி கையில் எடுத்துக் கொடுக்க வேண்டும். பிள்ளைக் கை வைப்பதுதான் முறை.

செபஸ்தியான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். பாயில் இருப்பது நூறு என்பது அவன் கணக்கு. “பதினொண்ணு ஒம்பது தொண்ணூத்தொம்பது. ஒண்ணு நிக்கும்லே” என்று அருளானந்தத்திடம் முனகினான். அருளானந்தம் அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

லூர்து மேரிக்கும் சந்தேகம் வந்தது. ஓடு போடும்போது ஒன்று விட்டுப்போயிருந்தால்? பிள்ளைகள் எவனாவது ஒன்றை வாயில் போட்டிருந்தால்? கண்ணை மூடினாள். பெண்கள் பக்கம் நின்ற மஜீதாவின் உதடும் ஏதோ ஓதிக்கொண்டிருந்தது.

கடைசிச் சுற்று. ஜோதிமேரி பாயில் கிடந்ததை எல்லாம் தன் பாவாடையில் வாரிக்கொண்டாள். முதல் கொடிக்கு ஒன்று. இரண்டாவது கொடிக்கு ஒன்று. ஐந்து, ஆறு, ஏழு என்று அவள் போகப் போகப் பந்தலே அவள் பின்னால் சாய்ந்தது. பத்தாவது கொடிக்கு வைத்துவிட்டுப் பாவாடைக்குள் கைவிட்டாள். ஒன்று வந்தது. அதை வெள்ளை வேட்டிக் கொடியின் கீழே மலையாண்டியின் கையில் வைத்தாள். பிறகு பாவாடையை உதறிக் காட்டினாள்.

ஒன்றும் விழவில்லை.

“மிச்சம் இல்லய்யா!” என்று கத்தினாள் பிள்ளை. “அய்யா, மிச்சமே இல்ல! அந்த எண்ணை ஆண்டவர்கிட்ட வாங்கிட்டு வந்துட்டீங்க!”

பந்தல் அதிர்ந்தது. தப்பும் வெடியும் கோயில் மணியும் ஒன்றாகக் கிளம்பின. அருளானந்தம் செபஸ்தியானைத் தோளில் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடினான். செபஸ்தியான் வத்தையின் முன்முனையை, அணியத்தை, கட்டிக்கொண்டு அழுதான். பிறகு மனைவியைத் தேடி வந்தான்.

“மேரி, நூறு இருந்துச்சுடி. நான் எண்ணினேன். ஒண்ணு எங்க போச்சு? அந்தோணியார் தனக்குன்னு ஒண்ணை எடுத்துக்கிட்டாரு, தெரியுமா?”

“எடுத்துக்கிட்டிருப்பாரு” என்றாள் லூர்து மேரி. அது பொய் என்று அவளுக்குத் தோன்றவில்லை. சற்றுத் தள்ளி நின்ற மஜீதா மட்டும் அவளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

வத்தையைத் தண்ணீரில் இறக்க ஊரே திரண்டது. வேலங்குளத்து மக்களும் தங்கள் பங்கை வட்டமாக உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் கடலையே பார்த்ததில்லை. சீக்கிரம் தின்றுவிட்டு ஓட வேண்டும் என்ற பரபரப்பு. அவர்களுக்குத் தண்ணீர் ஊற்றச் செம்போடு வந்த லூர்து மேரி, ஏந்தின கைகளுக்கு ஒவ்வொன்றாக ஊற்றிக்கொண்டே வந்தாள். ஒரு கைக்கு ஊற்றும்போது செம்பு அப்படியே நின்றது.

முழங்கைக்குக் கீழே தேள்.

தோல் சுருங்கியிருந்தது, பச்சை மங்கியிருந்தது. ஆனால் அதே தேள், அதே வளைந்த கொடுக்கு. அந்தக் கைக்காரி தன் பங்கில் வந்த பணியாரத்தைப் பக்கத்தில் இருந்த ஒரு வாயும் வயிறுமான பெண்ணின் மடியில் போட்டுவிட்டு, வெறும் தண்ணீரைக் குடித்தாள்.

“ஏ சோலையம்மா, கடலைப் பாக்க வாரியா இல்லையா?” என்று யாரோ கூப்பிட்டார்கள்.

“வாரேன், வாரேன். என்னை விட்டுட்டுக் குடிச்சுறாதீங்க கடலை!” என்று அவள் எழுந்தாள். லூர்து மேரியைப் பார்த்து, “மவராசி, நல்லாரு” என்றாள். அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? கொடுத்ததை நினைவில் வைத்துக்கொள்கிற ஆளில்லை அவள்.

லூர்து மேரிக்கு அந்தப் பழைய கதை வாய் வரை வந்தது. சொல்லியிருந்தால் அந்தப் பெண் கூசிப்போயிருப்பாள். “இதப் போயி” என்று தள்ளியிருப்பாள். ஒருவேளை மடியில் இருந்த பணியாரத்தையும் வாங்கிப் பக்கத்தில் யாருக்காவது கொடுத்திருப்பாள். லூர்து மேரி செம்பை இறக்கி வைத்தாள்.

எல்லாரும் கரைக்குப் போய்விட்டார்கள். சோலையம்மாளின் ஓலைப்பெட்டி பூவரச மரத்தடியில் தனியாக இருந்தது. லூர்து மேரி சுற்றிப் பார்த்தாள். பந்தலில் ஆள் இல்லை. வத்தை தண்ணீரைத் தொட்ட சத்தமும், அலை காலில் பட்டு உழவர் பெண்கள் கூவிச் சிரிக்கிற சத்தமும் மட்டும் கேட்டன.

மடியிலிருந்து இலைப் பொதியை எடுத்தாள். இன்னும் லேசான சூடு இருந்தது. பெட்டிக்குள் ஒரு மாற்றுச் சேலையும் வெற்றிலையும் இருந்தன. சேலை மடிப்புக்கு மேலே, வழியில் பசித்துத் திறந்தால் கைக்கு முதலில் படுகிற இடத்தில் பொதியை வைத்தாள். மூடியை முன்பு சாய்ந்திருந்தபடியே சாய்த்தாள்.

பிறகு முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, வத்தையைத் தள்ளக் கரைக்குப் போனாள்.